மன்னிப்புக் கேட்காதே, கலை

கலை, போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, நான் சொல்ல வேண்டியதைக் கேட்காமல் வைத்துவிட்டாய். "எம்மா, இந்த மாசத்தோட வேலைய விட்டுடலாம்னு கீறேன். அந்த ஆளுங்களோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்ல" என்றாய். உன் மகள் மதி, "அம்மாவா ஆயா? குடு, குடு" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் கொடுப்பதற்குள் அந்தப் பக்கம் சத்தமில்லை. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், அணைத்தே வைத்துவிட்டாய். சரி, போனை அணைக்கலாம். அச்சில் வந்ததை எப்படி அணைப்பாய்? அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் நம்முடைய நெசவாளர் சங்கத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன், அது மாதக் கடைசிக்கு முன்னாலேயே வந்துவிடும்.

மலர்க்குழுவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "பெரியம்மா, உங்க வத்தக்கொழம்பு பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, மகளிர் பகுதியில போட்டுடலாம்" என்றார்கள். "கொழம்பு பத்தி வேணாம், என் பொண்ண பத்தி எழுதறேன். ஒரு பக்கம் பத்தாது" என்றேன். ஒருவர் முகம் சுருங்கியது. "யாரு, அந்த நாய் விசயமா?" என்றார். "அந்த நாய் விசயமேதான்" என்றேன். இன்னொருவர் சிரித்தபடி, "அஞ்சாவதுதானே பெரியம்மா படிச்சீங்க, அவ்ளோ எழுதுவீங்களா?" என்று கேட்டார். "அஞ்சாவதுக்குள்ளயே எழுதக் கத்துக்குடுத்துட்டாங்க தம்பி. அதுக்கு மேல எதுக்குப் படிக்கறாங்கன்னு என் பொண்ணப் பாத்துத்தான் தெரிஞ்சிகினேன்" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மலரைப் பிரிப்பவர்களில் விஷயம் அரைகுறையாகத் தெரிந்தவர்களே அதிகம். அவர்களுக்காக முழுசாகச் சொல்லிவிடுகிறேன். என் மகள் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாள். அவள் ஆராய்ச்சி விலங்குகளின் நடத்தையைப் பற்றியது, அதிலும் முக்கியமாகத் தெருநாய்கள். கொஞ்ச வருஷமாக இன்னொரு வேலையும் செய்கிறாள். தன் பாடங்களைத் தமிழில் பேசிப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போடுகிறாள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கீழே கேள்வி எழுதலாம், அடுத்த பாடத்தில் பதில் சொல்லுவாள். போன மாதம் ஒரு கருத்தரங்கில் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசினாள். நாய்க்குட்டி பெரிய நாயைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. வாத்தியார் பக்கத்தில் இல்லாமல் திரையை மட்டும் பார்க்கிற பிள்ளையும் அப்படித்தான் கற்றாக வேண்டும். குட்டி எதைப் பார்க்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாடத்தை எப்படிச் செய்வது என்று நமக்குத் தெரியும் என்றாள். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "எங்கள் மாணவர்களை நாய் என்கிறீர்களா?" என்று கத்தினார். அவ்வளவுதான். அவள் பேசியது யாருக்கும் நினைவில்லை, அவர் கத்தியதுதான் ஊரெல்லாம் போனது. துறைத்தலைவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, நாய், இன்டர்நெட் இரண்டில் ஒன்றை விட்டுவிடு, மாதக் கடைசிக்குள் முடிவு சொல்.

மன்னிப்பு எழுத மாட்டேன் என்றாய் நீ. அது எனக்குப் பிடித்தது. அதற்குப் பதிலாக ராஜினாமா எழுதுகிறேன் என்றாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு விஷயம்தான். எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்பேன்.

நீ பள்ளிக்கூடம் படித்தபோது நம் தெரு எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் உனக்கு மறந்துவிட்டது போலத் தெரிகிறது. விடிந்ததும் யாராவது ஒரு வீட்டுக்காரர் பட்டுப் பாவு, தறியில் ஏற்றப்போகிற நீள இழைகள், அதை வாசலுக்குக் கொண்டுவருவார். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீட்டி, நடுநடுவே குச்சிக் கால் கொடுத்து, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். தெருவில் பாவு கிடக்கிற வரைக்கும் கலெக்டரே வந்தாலும் இறங்கிச் சுற்றித்தான் போக வேண்டும். பாவைத் தாண்டக் கூடாது, அடுத்த வீட்டுப் பாவில் கை வைக்கக் கூடாது. நீட்டினவன் கையால்தான் எடுக்க வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் தெருப் பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடும். நீ ஒருத்திதான், நம் தெரு நாய்களும் இதைப் பழகியிருக்கின்றன என்று கவனித்தாய். பஜார் பக்கத்து நாய் வந்தால் பாவுக்குள் புகுந்து ஓடி அடி வாங்கும். நம் தெருக் கருப்பி மட்டும் பாவைக் கண்டதும் நிற்கும், ஒரு பார்வை பார்க்கும், முனை வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வரும். அதன் குட்டிகளும் அப்படியே போகும்.

"எம்மா, இந்தக் குட்டிங்கள யாரும் அடிச்சதே இல்ல. அப்புறம் எப்பிடி சுத்திப் போவுது?" என்று ஒருநாள் கேட்டாய். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "அது அம்மா போற மாதிரி அதுவும் போவுது. இது ஒரு கேள்வியா?" என்றேன். நீ விடவில்லை. "அப்ப அம்மா இல்லாத குட்டி?" என்றாய். "போய்ப் பல்லத் தேய்டி" என்று அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்வியை நீ பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனாய், கல்லூரிக்கு எடுத்துப் போனாய், பட்டம் வாங்குகிற வரைக்கும் கூடவே வைத்திருந்தாய். ஒரு கேள்வியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினவள், பின்வரிசையில் ஒருத்தர் கத்தினார் என்று அதை விட்டு வருவாளா?

அப்போது நீ பிளஸ் டூ. பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தாய். ஒருநாள் காலையில் நான் தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்தால், தெருவில் பாவு. யார் வீட்டுப் பாவு என்று பார்க்காமலேயே சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். தபால்காரர் அந்தப் பக்கத்து வீட்டுக் கடிதத்தை இந்தப் பக்கமே கொடுத்துவிட்டுப் போனார். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அது பாவே இல்லை. நீதான் வெள்ளைப் பருத்தி நூலை நீளமாகக் கட்டி, குச்சிக் காலெல்லாம் கொடுத்து, காவலுக்கு ஆள் வைக்காமல், ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

தெருக்காரர்களில் கோடி வீட்டு மாணிக்கம்தான் முதலில் கண்டுபிடித்தார். அவர் குரல் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். "யாரு வூட்டுப் பாவு இது? பட்டு எங்க? ஏ கலை! இன்னா வெளாட்டு இது?" என்றார். நீ வெளியே வந்து, வாத்தியாருக்குப் பதில் சொல்வது போல நின்று சொன்னாய். "வெளாட்டு இல்ல மாமா. காவலுக்கு ஆளு நிக்கறதால நாயி சுத்திப் போவுதா, இழையப் பாத்தே சுத்திப் போவுதான்னு பாக்கறேன்."

"நாயப் பாக்கறியா? சைக்கிளத் தள்ளிகினு சந்து முழுக்க நான் சுத்திகினு வந்தேன்டி! நாயும் நானும் ஒண்ணா?"

"நீங்களும் சுத்தித்தான் போனீங்க மாமா. எழுதிகினேன்."

தெருவே சிரித்தது. மாணிக்கத்துக்கு முகம் செக்கச்சிவந்து போனது. சிரிப்பில் தோற்றவர் சாத்திரத்துக்குப் போனார். "தறிக்காரன் தெருவுல வெறும் பாவு நீட்டுவாங்களா? ஆகாதுடி. பட்டு இல்லாத பாவு நீட்டினா வூட்டுல தறி நின்னுபூடும். உங்க வூட்டுல மட்டும் இல்ல, தெருவுலயே நின்னுபூடும். எடுக்கறியா, நான் அறுக்கட்டுமா?" என்று குனிந்தார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஆகாது என்ற சொல்லுக்கு நம் தெருவில் எல்லாருக்கும் பயம், எனக்கும்தான்.

உன் நைனா அப்போது தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். வந்த வேகத்தில் மறுபடி உள்ளே போனார். கோபத்தில் போகிறார், உன்னை அடிக்கக் கம்பு எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போன பாவில் மிஞ்சின பட்டு இழை ஒரு கொத்து, மாம்பழ நிறம், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். உன் பருத்தி நூலின் முனையில் அதை வைத்து, புதுப் பாவைப் பழைய பாவோடு சேர்ப்பது போல ஒவ்வொரு இழையாக விரலில் உருட்டி ஒட்டினார். ஒட்டி முடித்து நிமிர்ந்து, "இப்பப் பட்டு கீதா? இது என் வூட்டுப் பாவு. நான் எடுக்கற வரைக்கும் எவனும் கை வெக்கக் கூடாது" என்றார். மாணிக்கம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதே சாத்திரம் அவர் வாயை அடைத்துவிட்டது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே சந்தைச் சுற்றிப் போனார். வெயில் ஏறுகிற வரைக்கும் நீ ஜன்னலை விட்டு எழவில்லை.

இதை எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் தெரியுமா? நாயும் நானும் ஒன்றா என்று உன்னிடம் முதலில் கேட்டவர் அந்தக் கருத்தரங்கு ஆள் இல்லை. அப்போது உனக்குப் பட்டம் கிடையாது, சம்பளம் கிடையாது, பாவாடை தாவணியில் நின்றாய். அப்போதே பயப்படாமல் எழுதிகினேன் என்றவள் நீ. இப்போது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பயப்படுகிறாய்.

நீ விலங்கியல் சேர்ந்தபோது இந்த ஊர் பேசியதைக் கேட்டவள் நான். "டீச்சர் டிரெய்னிங் சேத்துவிடாம நாய் மேய்க்க அனுப்பறாங்க" என்றார்கள். டாக்டர் பட்டம் வாங்கினாய் என்றதும் சேவூரிலிருந்து ஒருவர் நொண்டி ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "வைத்தியம் எனக்குத் தெரியாதுங்க" என்று நீ சொன்னதும், "அப்புறம் இன்னாத்துக்கு டாக்டரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெண் பார்க்க வந்த இடத்தில் உன் மாமியார், "பொண்ணு டாக்டருங்களா?" என்று ஆசையோடு கேட்டார். "டாக்டருதான், ஊசி போடமாட்டா" என்றேன். எந்த இடத்திலும் உன் வேலைக்கு வேறு பெயர் வைத்துச் சொன்னதில்லை. வனவிலங்கு என்று சொல்லுங்கள், கௌரவமாக இருக்கும் என்று ஒரு உறவுக்காரர் யோசனை சொன்னார். நாய் வனத்தில் இல்லை, நம் வாசலில் இருக்கிறது, நாய் என்றே சொல்லுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீயும் அந்தச் சொல்லை மெல்லச் சொல்லாதே. அவர்கள் கேவலமாகச் சொல்கிற இடத்தில் நீ சத்தமாகச் சொல்.

இன்டர்நெட் பாடத்துக்கு வருகிறேன். நீ அதை ஆரம்பித்தபோது எனக்குச் சரியாகப் புரியவில்லை. புரியாததைப் பார்த்துவிடுவது என்று பஜாரில் ஷகிலா வைத்திருக்கிற இன்டர்நெட் கடைக்குப் போனேன். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தது. கோடி வீட்டுக் காஞ்சனாவைக் கூப்பிட்டேன், மாணிக்கத்தின் மனைவிதான். அவள் தன் மருமகள் சுமதியையும் இட்டுக்கொண்டு வந்தாள். வெம்பாக்கத்துப் பெண், பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். "இன்னா ஆயா அடிக்கணும்?" என்று ஷகிலா கேட்டாள். "என் பொண்ணு பேர அடி" என்றேன். அடித்தாள், நீ வந்தாய். அந்த நீலப் புடவை, தலை சரியாக வாரவில்லை. இரண்டு வார்த்தை பேசினாய், அப்புறம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாய். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஐயோ, இன்னா ஆச்சு பொண்ணுக்கு?" என்று காஞ்சனா எழுந்தே விட்டாள்.

"ஒண்ணும் ஆவலக்கா, நெட்டு ஸ்லோ" என்றாள் ஷகிலா.

"ஜல்தியா பண்ணும்மா. பாக்கவே பேஜாரா கீது."

நின்று நின்று வந்தாலும் முழுதும் பார்த்தோம். அந்தப் பாடத்தின் முடிவில், உங்கள் தெருவில் ஒரு குட்டி நாயைத் தினமும் பாருங்கள், அது யாரைப் பார்த்து எதைச் செய்கிறது என்று எழுதுங்கள் என்றாய். நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். சுமதி சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போகாமல் வாசலுக்கு வந்தாள். தாய் நாய் லாரியில் அடிபட்டு, ஒரு குட்டி மட்டும் நம் தெருவில் திரிந்துகொண்டிருந்தது. அது கொஞ்ச நாள் யார் பின்னாலும் போகவில்லையாம். அப்புறம் நம் கிழட்டுச் சிவப்பு நாய் பின்னால் போக ஆரம்பித்ததாம். அந்தக் கிழம் அதைச் சீண்டவே இல்லை, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் அது நிற்கிற இடத்தில் குட்டியும் நின்று, படுக்கிற இடத்தில் படுத்ததாம். இதையெல்லாம் ஷகிலா கடையில் போய் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி உனக்கு எழுதினாள். தன்னைப் பார்க்கவே பார்க்காதவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

அடுத்த பாடத்துக்கு மூவரும் போய் உட்கார்ந்தோம். நீ திரையில், "ஆரணியிலிருந்து சுமதி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், எனக்கும் அதே கேள்விதான் பல வருஷமாக" என்று ஆரம்பித்தாய். சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ பாடம் முடித்த பிறகும் எழவில்லை. "ஆயா, பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் எடுக்கறதுக்குத் தவிர எந்த டீச்சரும் என் பேரக் கூப்ட்டதில்ல" என்றாள். அன்று சாயந்திரம் மாமனார் முன்னால் நின்று, தபாலில் பட்டப்படிப்பு சேருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். மாணிக்கம் நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தார். "உன் பொண்ணு அன்னிக்கு என்னிய சந்து சுத்த வெச்சா. இன்னிக்கு எங்க வூட்டு மருமகள சுத்த விடறாளே, இது நாயமா?" என்றார். "சேத்துவுடுவியா, மாட்டியா? அதச் சொல்லு" என்றேன். "சேக்காம? அவதான் பீஸ் கட்டற தேதியே கேட்டுகினு வந்துட்டாளே" என்றார். சுமதி படிக்கிற நேரத்துக்காக இப்போது அந்த வீட்டில் சாப்பாட்டு நேரமே மாறிவிட்டது.

இந்தப் பாடங்கள் பல்கலைக்கழகத்தோடது, நான் வெளியே போனால் எடுத்துவிடுவார்கள் என்று நீயே போனில் சொன்னாய். எடுத்தால் சுமதி மாதிரி எங்கெங்கே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்கள் முன்னால் அந்த வட்டம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். நாயை மட்டும் வைத்துக்கொள் என்றால் அந்தப் பிள்ளைகள் போய்விடுவார்கள். இன்டர்நெட்டை மட்டும் வைத்துக்கொள் என்றால் அங்கே சொல்லிக்கொடுக்க உன்னிடம் என்ன இருக்கும்? பக்கத்தில் யாரும் இல்லாமல் ஒரு உயிர் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் உன் வேலை. அது ஒரே வேலை. இரண்டு என்று எண்ணுகிறவர்களுக்கு நீ ஏன் தலையாட்ட வேண்டும்?

இனி வீட்டு விஷயம். அச்சில் வருகிறதே என்று மறைக்கப்போவதில்லை. முந்தாநாள் தேசூரிலிருந்து உன் மாமியார் வந்தார். வந்தவர் மதியை மடியில் உட்காரவைத்துக்கொண்டார். அப்புறம் ஆரம்பித்தார்.

"சம்பந்தி, எங்க ஊர்ல கேக்கறாங்க. உங்க மருமவ பசங்கள நாயின்னு சொல்லிட்டாளாமேன்னு. நான் இன்னா பதில் சொல்றது?"

"நாய்க்கும் புத்தி கீதுன்னு சொன்னா, பசங்களுக்கு புத்தி இல்லன்னு சொல்லலன்னு சொல்லுங்க."

"அதெல்லாம் எனக்கு வாயில வராது. அவளே வேலைய விடறேன்னு சொல்றாளாம், என் பையன் சொன்னான். நல்லதாப் போச்சு. கொழந்த இங்க, அவ அங்க, என் பையன் ஓட்டல்ல. வந்து குடும்பத்தப் பாக்கட்டும். நீங்க தடுக்காதீங்க."

"தடுப்பேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அப்படிச் சொல்லுவேன் என்று எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷமாகச் சம்பந்தி மரியாதையில் எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்று சொன்னவள்தானே நான். "உங்க பையன் ஓட்டல்ல சாப்புடறது எனக்கும் வருத்தந்தான். சோறு வடிக்கக் கத்துக்கட்டும், சுலபம்தான். கொழந்தய நான் பாத்துகினுதான் கீறேன், பாத்துகினுதான் இருப்பேன். உங்களுக்கும் பேத்திதான், நீங்களும் கொஞ்ச நாளு இட்டுகினு போங்க. ஆனா என் பொண்ணு வேலைய விடறதுக்கு கொழந்தயக் காரணமா காட்டாதீங்க. நாளைக்கு அது வளந்து, என்னாலயாம்மா நீ வேலைய விட்டேன்னு கேக்கும். யாரு பதில் சொல்றது, நீங்களா நானா?" என்றேன்.

உன் மாமியார் மதியின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "லீவு வுட்டதும் கொண்டாந்து வுடுங்க, தேசூர்ல எங்களுக்கும் ஆளு இல்ல" என்றார். வேலையை விடச் சொல்லுங்கள் என்று மறுபடி சொல்லவில்லை. விடவேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும். மாப்பிள்ளைக்கும் ஒரு வார்த்தை, அவரும் படிப்பார். உன் இஷ்டம், உன் இஷ்டம் என்று நீங்கள் சொல்வது பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் மாப்பிள்ளை. அவள் தடுமாறி நிற்கிறபோது அப்படிச் சொன்னால், நான் நகர்ந்துகொள்கிறேன் என்றுதான் அவள் காதில் விழும். ஒரு தடவை, விடாதே என்று சொல்லிப் பாருங்கள்.

கலை, உனக்குத் தெம்பு இல்லை என்றாய். இருக்காதுதான். தினமும் அந்த வராந்தாவில் நடக்கிறவள் நீ, நான் இல்லை. காபி குடிக்கிற இடத்தில் நீ வந்ததும் பேச்சு நிற்கிறது என்றாய். உன் அறைக் கதவில் யாரோ நாய்ப்படம் ஒட்டியிருந்தார்கள் என்றாய். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அதனால் உன்னைச் சண்டை போடச் சொல்லவில்லை. கத்தவேண்டாம், கூட்டம் சேர்க்கவேண்டாம், யாரிடமும் போய் நியாயம் கேட்கவேண்டாம். காலையில் எழுந்து, தலை வாரிக்கொண்டு, போய்ப் பாடம் நடத்து. மாதக் கடைசியில் துறைத்தலைவர் கூப்பிடுவார். போ. உட்காரச் சொன்னால் உட்கார், சொல்லாவிட்டாலும் உட்கார். என்ன முடிவு என்று கேட்பார். நான் சொன்னது தப்பில்லை, அதனால் மன்னிப்பு இல்லை என்று சொல். இரண்டும் ஒரே வேலை, அதனால் எதையும் விடுவதாக இல்லை என்று சொல். அதற்கு மேல் அவர் என்ன பேசினாலும் கேட்டுக்கொண்டு மட்டும் இரு.

அவர் ஒரு தாளை உன் பக்கம் நகர்த்துவார். அதில் நீயாகவே போவதாக எழுதியிருக்கும். நீயாகப் போனால் அவருக்கு வேலை மிச்சம். யாருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. என்ன தப்பு செய்தாள் என்று எந்தத் தாளிலும் எழுத வேண்டியதில்லை. உன்னை அனுப்பத்தான் வேண்டுமென்றால் காரணத்தைத் தன் கையால் எழுதட்டும், அதற்குக் கீழே தன் பெயரைப் போடட்டும். தெருநாயைப் பார்த்துப் பாடம் கற்கலாம் என்று சொன்னதால் இவளை நீக்கினேன் என்று எழுத அவருக்குக் கை வந்தால், எழுதட்டும். அவர் போட வேண்டிய கையெழுத்தை நீ எதற்குப் போடுகிறாய்?

தாளை அவர் பக்கமே தள்ளி வைத்துவிட்டு எழுந்து வா. அன்றைக்கு உனக்கு வகுப்பு இருக்கும், நேரமாகிவிடும்.

இப்படிக்கு,
மதியின் ஆயா, உன் அம்மா
ஆரணி